மறு: ஏசிங்க் – ‘ஒத்திசைவற்ற’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிரலாக்கத்தில் வரும் ‘ஏசிங்க்’ (async) என்ற சொல்லுக்குத் தமிழில் ‘ஒத்திசைவற்ற’ போதுமா என்று கேட்டிருந்தீர்கள். அதில் பொருட்பிழை இல்லை. ஆனால் ‘ஒத்திசைவற்ற செயற்கூறு’ (async function) என்றதும் ஏதோ கோளாறுள்ள செயற்கூறு என்றுதான் புதிதாகப் படிப்பவருக்குத் தோன்றும். எது இல்லை என்று சொல்கிறதே தவிர, என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை.

பைத்தான் நிரல்மொழியில் ஒரு செயற்கூறு தரவுத்தளப் பதிலுக்காக ‘அவெயிட்’ (await) என்று நிற்கும்போது, வேலைகளை மாறி மாறி ஓட்டும் நிகழ்வுச் சுழல் (event loop) அந்த இடைவெளியில் வேறு வேலையைப் பார்க்கிறது. பதில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து இது தொடர்கிறது. மழை ‘இடைவிடாமல்’ பெய்தது என்கிறோமே, அதற்கு நேர்மாறு. ஆகவே ‘இடைவிடு செயற்கூறு’ என்பது என் முன்மொழிவு. அதற்கான சோதனை ‘இடைவிடு சோதனை’. வினைத்தொகை என்பதால் நடுவே ஒற்று மிகாது. ‘அலகுச் சோதனை’ (unit test) நன்றாக வேரூன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

இழைகளும் (threads) இடையில் நிற்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றை எந்த வரியிலும் இயக்குதளம் நிறுத்தலாம். இங்கே செயற்கூறு தானாகவே, அவெயிட் உள்ள இடத்தில் மட்டும், விட்டுக்கொடுக்கிறது. ‘விடு’ அதைத்தான் சொல்கிறது.

இந்தப் பெயர் சோதனை எழுதவும் உதவும். இருக்கை முன்பதிவில் ‘மீதி 1’ என்று படித்து, பிறகு 0 என்று எழுதுகிறோம். இரண்டுக்கும் நடுவே இன்னொரு கோரிக்கை நுழைந்தால் ஒரே இருக்கை இருவருக்குப் போகும். பைத்தானின் ஏசிங்க்மாக் (AsyncMock) கருவி கொண்டு போலித் தரவுத்தளம் வைத்தால் இந்தப் பிழை சிக்காது. அது உடனே பதில் தந்துவிடும், சுழலுக்கு இடமே விடாது. அதாவது, இடைவெளியே இல்லாத சோதனை! இரு கோரிக்கைகளும் படித்து முடிக்கும்வரை சைகை வரும்வரை காக்கவைக்கும் ஏசிங்க்ஐஓ ஈவென்ட் (asyncio.Event) ஒன்றால் இரண்டையும் நிறுத்தி, அப்புறம் விட வேண்டும். ஸ்லீப் (sleep) போட்டுச் சிறிது நேரம் நிறுத்தி அதிர்ஷ்டத்தை நம்பக் கூடாது.

இன்னொரு சொல்லும் தேவை. பைத்தானின் சாதாரண டெஸ்ட்கேஸ் (TestCase) வகுப்பில் இடைவிடு சோதனையை எழுதினால் உள்ளே ஒரு வரிகூட ஓடாது, ஆனாலும் தேர்ச்சி என்று பச்சை காட்டும்; எச்சரிக்கை மட்டும் வரும். 2019-இல் வந்த பைத்தான் 3.8 இதற்கென்றே ஐசோலேட்டட் ஏசிங்க்ஐஓ டெஸ்ட்கேஸைத் (IsolatedAsyncioTestCase) தந்தது. இந்தப் பொய்ப் பச்சையை ‘ஓடாத்தேர்ச்சி’ எனலாமா?

மின்னஞ்சல் போன்ற தகவல் பரிமாற்றத்துக்கு ‘ஒத்திசைவற்ற’ அப்படியே இருக்கட்டும். அவெயிட்டுக்குத்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை. ‘காத்திரு’ என்றால் சேவையகம் முழுவதையும் நிறுத்திவிடும் டைம் ஸ்லீப்புக்கும் (time.sleep) அதே சொல் வந்துவிடுகிறது. ‘விட்டுக் காத்திரு’ சரியாக இருக்குமா?