ஜான்ஸ்டன் கேன்யனில் முதல்முறை ஐஸ் கிளைம்பிங்: எதற்குத் தயாராக வேண்டும்?

மலைக்காற்று கேட்டது:
ஜனவரி கடைசியில் கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். அங்கே ஜான்ஸ்டன் கேன்யன் என்ற பள்ளத்தாக்கின் மேல் அருவியில் கைடோடு ஒருநாள் ஐஸ் கிளைம்பிங் (உறைந்த அருவியில் ஏறுவது) பதிந்திருக்கிறோம். நான்கு பேர், எல்லோரும் புதுசு. இருவருக்கு மட்டும் ஜிம்மில் உள்ள செயற்கை ஏறுசுவரில் ஏறிய பழக்கம் உண்டு. பூட்ஸ், கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முனைகள்), ஐஸ் டூல் (ஐஸில் அடித்துப் பிடிக்கும் கைக்கோடரி), ஹார்னஸ் (கயிற்றை மாட்டும் இடுப்புப் பட்டை), ஹெல்மெட் எல்லாம் அவர்களே தருவார்கள். புதியவர்கள் எதில் தடுமாறுவார்கள்? என்ன உடுத்துவது? −20 டிகிரி வந்தால் போகலாமா?

கூர்முனை:
ஜிம் பழக்கம் உள்ள அந்த இருவரைத்தான் முதலில் எச்சரிக்க வேண்டும். கையால் இழுத்து ஏறுவார்கள், பத்தே நிமிடத்தில் முன்கை இறுகிவிடும். ஐஸில் ஏற்றுவது கால். டூல் உங்களைச் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே.

உதைக்கும்போது முழங்காலிலிருந்து பாதத்தை ஊசலாட்டி நேராக உதையுங்கள். குதிகால் தாழ்ந்தே இருக்கட்டும். பயத்தில் எல்லோரும் குதிகாலைத் தூக்குவார்கள். தூக்கியதும் கிராம்பானின் முன்முனைகள் நெம்பிக்கொண்டு வெளியே வந்துவிடும். தாழ்த்தினால் அடுத்த வரிசை முனைகளும் ஐஸைத் தொடும், கெண்டைக்காலும் நடுங்காது. பாதங்கள் தோள் அகலத்தில், ஒரே மட்டத்தில். ஒவ்வொரு அடியும் ஒரு சாண் போதும்.

ஒரு டூல் தலைக்கு மேலே ஐஸில் உறுதியாகப் பதிந்ததும் அந்தக் கையை நீட்டித் தொங்குங்கள். இடுப்பை வெளியே தள்ளினால் கால் தெரியும். பார்த்து இரண்டு மூன்று அடி வையுங்கள். பிறகு இடுப்பை ஐஸோடு ஒட்டி எழுந்து, அடுத்த டூலை வீசுங்கள். குறி எப்போதும் குழிந்த இடம். புடைத்த இடத்தில் அடித்தால் தட்டு தட்டாகப் பெயரும். இரண்டு டூலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே உயரத்தில் அடித்தால் நடுவிலுள்ள துண்டே உடைந்து வரலாம்.

அங்கே நிறையப் பேர் ஏறுவதால் பழைய துளைகள் இருக்கும். டூலை அதில் மாட்டிக் கீழ்நோக்கி மெல்ல இழுத்துப் பாருங்கள். நின்றால் அடிக்கவே வேண்டாம். கழற்றும்போது மேலும் கீழும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் திருகினால் முனை ஒடியும். சட்டென்று விடுபட்டு முகத்தில் அடிக்கும், ஆகவே முகத்தை நேர்க்கோட்டிலிருந்து விலக்கிவையுங்கள்.

வடபனி:
உடுப்புக்கு நான் சொல்லுறன். மேல் அருவிக்கு ஏறக்குறைய 2.5 கிலோமீட்டர் நடை. கனக்க உடுத்துக்கொண்டு நடந்தா வேர்க்கும், நிண்டவுடன அந்த ஈரமே விறைக்கப் பண்ணும். உள்ளுக்குக் கம்பளி இல்லாட்டி சிந்தெற்றிக், பருத்தி கூடவே கூடாது. கொஞ்சம் குளிருற அளவிலயே நடவுங்கோ. அங்க போய்ச் சேர்ந்தவுடன, குளிர முதலே, தடிச்ச டவுன் ஜக்கெற்றைப் போடுங்கோ. நாலு பேர் எண்டா ஏறுற நேரத்தைவிட நிக்கிற நேரம்தான் கூட.

கையுறை மூண்டு சோடி: ஏற மெல்லிசா ஒண்டு, பிலே (கீழ நிண்டு ஏறுறவரின்ர கயிற்றை) பிடிக்கத் தடிப்பா ஒண்டு, நனைஞ்சா மாத்த இன்னொண்டு. தலைக்கு மேல கையை வச்சு டூலை இறுக்கிப் பிடிச்சா விரலுக்கு ரத்தம் போகாது. இறங்கினபிறகு ரத்தம் திரும்பேக்க உயிர் போற நோ வரும், சிலருக்கு வாந்தியும் வரும். பிடியைத் தளர்த்தி, கையை மாறி மாறிக் கீழ தொங்கவிட்டு உதறுங்கோ.

சப்பாத்துக்குள்ள ஒரு சோடி காலுறைதான். ரெண்டு போட்டா இறுகி விரல் விறைக்கும். முதல்நாள் கால் நகத்தை வெட்டுங்கோ. நாள் முழுக்க உதைக்க நகம் கறுத்துப்போகும். பையிலயிருந்து உறிஞ்சிக் குடிக்கிற தண்ணிக் குழாய் உறையும், சுடுதண்ணிப் போத்தல் கொண்டு போங்கோ.

கயிறும்பிடியும்:
குளிர் பற்றி: −5 முதல் −12 வரை ஐஸ் இளக்கமாக, ஒரே அடியில் டூல் பிடிக்கும். −20-இல் கண்ணாடிபோல் நொறுங்கும். நான்கைந்து அடி அடித்தால்தான் நிற்கும், விழும் துண்டுகளும் பெரிது. இரவோடு இரவாகக் குளிர் இறங்கினால் தனித்துத் தொங்கும் ஐஸ் தூண்களில் விரிசல் விடும். போவதா வேண்டாமா என்பதைக் கைடிடமே விடுங்கள். ரத்தானால் பணம் திரும்புமா என்று இப்போதே கேளுங்கள். கைடுக்கு ஏசிஎம்ஜி (கனடிய மலை வழிகாட்டிகள் சங்கம்) சான்று உண்டா என்பதையும்.

டாப்ரோப் (மேலே கட்டிய பிடிமானம் வழியாக வரும் கயிறு) என்பதால் விழுந்தாலும் கயிறு பிடிக்கும். ஆனால் கயிறு நீளும். முதல் மூன்று மீட்டருக்குள் விழுந்தால் தரையைத் தொடலாம், கிராம்பான் தரையில் சிக்கினால் கணுக்கால் முறியும். ஆகவே அடிப்பகுதியில் அவசரப்படாதீர்கள்.

உண்மையான ஆபத்து மேலிருந்து விழும் ஐஸ். ஏறுபவருக்கு நேர் கீழே யாரும் நிற்க வேண்டாம், பையும் வைக்க வேண்டாம். "ஐஸ்!" என்று குரல் கேட்டால் அண்ணாந்து பார்க்காமல், தலையைக் குனிந்து தோள்களை ஒடுக்குங்கள். அடியை ஹெல்மெட் வாங்கிக்கொள்ளட்டும். தொளதொள பேன்ட்டும் வேண்டாம், கிராம்பான் மாட்டும். கிராம்பானோடு கயிற்றை மிதிக்கவே மிதிக்காதீர்கள்.

பயணக் காப்பீட்டையும் பாருங்கள். பல பாலிசிகளில் கயிறு கட்டி ஏறுவதற்கு இடமில்லை.

மலைக்காற்று:
எல்லோருக்கும் நன்றி. ஒருவர் மூக்குக்கண்ணாடி போடுபவர். கழற்றிவிட்டு ஏறலாமா?

கூர்முனை:
கழற்ற வேண்டாம், சில்லு தெறிக்கும்போது கண்ணுக்கு அதுதான் காவல். கண்ணாடி இல்லாதவர்களும் நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி போடட்டும். கேன்யனுக்குள் வெளிச்சம் குறைவு, கறுப்புக் கண்ணாடி சரிப்படாது. மூக்குவரை துணி சுற்றினால் மூச்சு மேலேறி ஆவி படியும், ஏறும்போது அதைத் தாடைக்குக் கீழே இறக்கிவிடச் சொல்லுங்கள்.