முதலீட்டுக்காகப் பழைய நாணயங்கள் வாங்குவது: எங்கிருந்து தொடங்கலாம்?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். மதுரையில் பணிபுரியும் நான், ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை பழைய நாணயங்களில் முதலீடு செய்யலாம் என்று எண்ணுகிறேன். என் பாட்டி விட்டுச்சென்ற ஒன்பது விக்டோரியா வெள்ளி ரூபாய்களே இந்த எண்ணத்தைத் தூண்டின. அவற்றுள் ஐந்தில் 1862 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பழையவை என்பதால் பெருந்தொகை கிடைக்கும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இதற்கிடையில், வைஷ்ணோ தேவி உருவம் உள்ள 5 ரூபாய் நாணயத்துக்குப் பல இலட்சம் தருவதாக முகநூலில் ஒரு விளம்பரம் பார்த்தேன். தொடர்புகொண்டபோது முதலில் பதிவுக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். இவற்றையெல்லாம் நம்பலாமா?

பொருநை:
அந்த விளம்பரக்காரருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்குவதாகக் கட்டணம், தரகு, வரி என்று பணம் கேட்பவர்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. விற்பவரிடம் முன்பணம் கேட்கும் வாங்குபவர் எந்த நாணயக் கடையிலும் இல்லை.

வெள்ளிக்காசு:
முப்பது ஆண்டுகளாகச் சேகரித்து வருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பழமை வேறு, அருமை (எளிதில் கிடைக்காத தன்மை) வேறு என்பதைத்தான் புதிதாக வருபவர்கள் முதலில் உணர வேண்டும். உங்கள் 1862 ரூபாயே இதற்குச் சான்று: அந்த ஆண்டு எண்ணை மாற்றாமலேயே 1874 வரை நாணயச்சாலைகள் அச்சிட்டுக்கொண்டிருந்ததால், அது இன்றும் எளிதில் கிடைக்கிறது. ஆண்டு எண்ணை ஒட்டி இருக்கும் சிறு புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும் நாணயத்துக்கு நாணயம் மாறும். சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவது அந்த வேறுபாடுகளில் அரிதானவற்றுக்குத்தான். ஆகவே ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. வெள்ளியின் தூய்மை 91.7 விழுக்காடு. எனவே தேயாத நாணயமொன்றில் ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி இருக்கும். இன்றைய வெள்ளி விலையால் அதைப் பெருக்கினால் கிடைப்பதுதான் உங்கள் காசின் அடிமட்ட மதிப்பு. அதற்கு மேல் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அருமைக்கும், காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்ற நிலைக்குமான விலை. அந்தப் பகுதியை மதிப்பிடத் தெரியாதவரை பெருந்தொகையை இறக்க வேண்டாம். 1940 முதல் வெளிவந்த ரூபாய்களில் வெள்ளி பாதிதான், 1947ஆம் ஆண்டு ரூபாய் முழுக்க நிக்கல் என்பதையும் நினைவில் வையுங்கள். இதை அறியாமல் 1944ஆம் ஆண்டு ரூபாயை முழு வெள்ளி விலைக்கு வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எடை சரியாக இருந்துவிட்டால் நாணயம் அசல் என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிதானது என்பதாலேயே அதற்குப் போலிகள் ஏராளம். வெள்ளியிலேயே செய்த போலியைத் தராசு காட்டிக்கொடுக்காது. எழுத்துகளின் விளிம்பையும் ஓரத்து வரிகளையும் அசலோடு ஒப்பிட்டுப் பழகிய கண்தான் காட்டும். அந்தப் பழக்கம் வரவேண்டுமானால், ஒரே மன்னர் அல்லது ஒரே மதிப்பு என்று ஒரு வரிசையை மட்டும் தேர்ந்துகொண்டு, முதல் ஆண்டில் வாங்குவதைவிடப் பார்ப்பதற்கே அதிக நேரம் கொடுங்கள். கடையில் விலை கேட்கும்போதே, "இதை நாளை நானே கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" என்றும் கேளுங்கள். அந்த இரண்டு விலைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கடந்த பிறகுதான் உங்கள் இலாபம் தொடங்கும் என்பதால், ஓரிரு ஆண்டுகளில் திரும்ப வேண்டிய பணத்தை இதில் போடக்கூடாது.

கரூர் ஆறு:
ஒரு சட்டச் செய்தியைச் சேர்க்கிறேன். எங்கள் அமராவதி ஆற்றில் கிடைத்த சேரர் காசு, ரோமானியர் காசு என்று சொல்லி யாரேனும் கொண்டுவந்தால் அவசரப்படாதீர்கள். மண்ணிலிருந்து கிடைக்கும் புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த நாணயங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கும் என்ற கணக்கில் எதையும் வாங்காதீர்கள்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஏழு நாணயங்கள் 11.4 முதல் 11.6 கிராம் வரை இருக்கின்றன. மற்ற இரண்டில் காசுமாலைக்காக வளையம் பற்றவைத்து எடுத்த தடம் தெரிகிறது. எல்லாம் கறுத்திருப்பதால் புளி போட்டுத் துலக்கலாமா?

வெள்ளிக்காசு:
தயவுசெய்து துலக்காதீர்கள். அந்தக் கறுப்பு பல பத்தாண்டுகளில் படிந்த இயற்கைப் பூச்சு. புளியோ பற்பொடியோ போட்டுத் தேய்த்தால் மேற்பரப்பு கெடும், துலக்கிய காசு என்று தெரிந்தவுடன் சேகரிப்பாளர் விலையைக் குறைப்பார். ஏழு காசுகளையும் பிவிசி என்ற பிளாஸ்டிக் வகை கலவாத உறைகளில் தனித்தனியாக வைத்து, ஓரங்களை மட்டும் பிடித்து எடுங்கள். வளையத் தடம் உள்ள இரண்டுக்கும் வெள்ளி விலைக்கு மேல் கிடைப்பது கடினம். ஆனால் அவை உங்கள் பாட்டி கழுத்தில் கிடந்தவை என்றால், அவற்றை விற்பனைக் கணக்கில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். புள்ளிகள் தெளிவாகத் தெரியும்படி அந்த ஐந்து 1862 ரூபாய்களின் பின்பக்கப் படங்களை இங்கே இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.