அப்பாவின் டிபி மாத்திரை முடியப்போகிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு நுரையீரல் டிபி. 6 மாத சிகிச்சை இந்த வாரத்தோடு முடிகிறது. மூன்றாவது மாதம் இருமல் நின்றதும் "எனக்குத்தான் சரியாயிடுச்சேம்மா" என்று நாலு நாள் மாத்திரையை விட்டுவிட்டார். தலையணைக்கடியில் பிரிக்காத அட்டையைப் பார்த்து அம்மா அழுதே விட்டார். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடுமே! அன்றே டாக்டரிடம் ஓடினோம். விட்ட நாட்களுக்கான மாத்திரையைக் கடைசியில் கூடுதல் நாட்களாகச் சாப்பிட்டு முடிக்கச் சொன்னார்.

டாக்டர் சொல்லாமல் நிறுத்த மாட்டோம், அதில் உறுதி. உங்கள் வீட்டில் நிறுத்தும் முன் சளிப் பரிசோதனையோடு எக்ஸ்ரேயும் எடுத்தார்களா? எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிந்ததா? அடுத்த 2 வருடமும் 6 மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்களாமே, தவறாமல் போனீர்களா? வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். மறக்காமல் கேட்க வேண்டியது எதுவானாலும் எழுதுங்கள், ப்ளீஸ்.