முன்சறுக்கலா, குறைதிருப்பமா? மலைப்பாதையில் பிடிமானம் இழக்கும் காருக்கு ஒரு கலைச்சொல் விவாதம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். கார் ஓட்டுநர் பயிற்சிக் கையேட்டுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், வளைவில் கார் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் போகும் 'அண்டர்ஸ்டியர்', திருப்பியதைவிட மிகுதியாகத் திரும்பிவிடும் 'ஓவர்ஸ்டியர்' ஆகிய இரண்டுக்கும் முறையே 'குறைதிருப்பம்', 'மிகைதிருப்பம்' என்று சென்ற வாரம் இடப்பட்டிருப்பதைக் கண்டேன். சொற்களின் அமைப்பில் குறை இல்லை; ஓசையும் நன்றாகவே இருக்கிறது. ஆயினும் பயிற்சிக் கையேட்டுக்கு இவை பொருந்தா என்பது என் உறுதியான கருத்து. வளைவில் கார் பிடிமானம் இழக்கும் அந்த ஒரு நொடியில் 'குறைதிருப்பம்' என்னும் சொல் ஓட்டுபவரின் கையைத் தவறான பக்கம் செலுத்தும் என்பதே என் மறுப்பு.

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழை நாளில் வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். அப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. எண்கள் குறையக் குறைய ஊர் நெருங்குகிறது என்ற நிம்மதியில் காலும் சற்றுத் தளர்ந்துவிட்டது போலும். ஒரு வளைவில் வேகம் மிகுதி என்று உணர்ந்து, திரும்பிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை அழுத்தினேன். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பியிருந்தும் கார் திரும்பாமல், எதிரே தெரிந்த தடுப்புச்சுவரை நோக்கி நேராகவே சென்றது. திருப்பியது போதவில்லை என்று எண்ணி இன்னும் ஒடித்தேன். அப்போதும் திரும்பவில்லை. வேகம் குறைந்த கணத்தில் டயர்கள் திடீரென்று சாலையைப் பற்றின. முழுதும் ஒடிந்த நிலையில் சக்கரங்கள் இருந்தமையால் கார் வெட்டி இழுத்துக்கொண்டு எதிர்த்தடத்துக்குள் பாய்ந்தது. அந்நேரம் மேலேறி வரும் பேருந்து எதுவும் இல்லாதது என் நல்லூழ்.

பின்னர், நீர் தெளித்த தளத்தில் காரை வேண்டுமென்றே சறுக்கவிட்டுக் கற்பிக்கும் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். அங்கே முதல் நாளில் கற்றது, நான் செய்ததற்கு நேர் எதிரானது. முன்சக்கரங்கள் பிடிமானம் இழந்தால் ஸ்டியரிங்கை மேலும் ஒடிக்கக் கூடாது. சற்றுத் திருப்பிவிட்டு நேர்நிலைக்கு அருகில் கொண்டுவர வேண்டும். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மெல்லத் தளர்த்த வேண்டும். டயர் மீண்டும் உருண்டு பற்றும்வரை பொறுக்க வேண்டும். சுவர் எதிரே வரும்போது கையைத் தளர்த்துவது உடலின் இயல்புக்கு மாறானது. ஆகவேதான் அதைப் பழகிப் பழகி வசப்படுத்த வேண்டியிருக்கிறது. 'உங்கள் காரில் நேர்வது குறைதிருப்பம்' என்று ஒருவரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? குறைந்ததை நிறைக்கப் பார்ப்பார். அதாவது இன்னும் ஒடிப்பார். நானும் அதைத்தான் செய்தேன், அச்சொல்லைக் கேள்விப்படாமலேயே.

குறை எங்கே நிகழ்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு உள்ளங்கைகளில் கிடைக்கும் உராய்வைக் கொண்டே கார் நிற்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால் கணக்கு கழித்தல் கணக்கு அன்று, பிதாகரசின் கணக்கு: இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் மொத்தத்தின் வர்க்கம் வரும். மொத்தப் பிடிமானத்தில் 80 விழுக்காட்டைப் பிரேக் எடுத்துக்கொண்டால் திருப்புவதற்கு 60 விழுக்காடு எஞ்சும். 100 விழுக்காட்டையும் பிரேக் எடுத்துக்கொண்டால் எதுவும் எஞ்சாது. எனவேதான் வளைவுக்கு முன்பே, கார் நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைத்து, கீழ் கியருக்கு மாறி, அதன் பின்னர் திருப்புங்கள் என்று அனுபவமுள்ள மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்கிறார்கள்.

வேகத்தின் எல்லையும் நாம் நினைப்பதைவிடக் குறைவானது. 15 மீட்டர் ஆரமுள்ள சமதளமான வளைவில், உலர்ந்த தார்ச்சாலையின் உராய்வுக் கெழுவை (பிடிமானத்தை அளக்கும் எண்) 0.7 எனக் கொண்டால், மணிக்கு 36 கிலோமீட்டருக்குச் சற்று மேல் சறுக்கல் தொடங்கும். மழையில் அது 0.4 ஆகக் குறைந்தால் எல்லை 28 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் தூறலில், சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு குழைந்து மெழுகுபோல் ஆகும் என்பதால், நிலைமை இன்னும் மோசமாகும். வண்டிக்குள் 28-க்கும் 36-க்கும் இடையே வேறுபாடு ஏதும் உணரப்படுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரங்கள் பிடிமானம் இழப்பது இதற்கு மறுதலையான நிகழ்வு. அப்போது காரின் பின்பகுதி வளைவின் வெளிப்புறமாக வீசும். மூக்கு உட்புறம் திரும்பிக்கொண்டே போகும். விட்டால் கார் சுழன்றுவிடும். இறக்கத்தில் எடை ஏற்கெனவே முன்சக்கரங்கள் மீது சாய்ந்திருக்கிறது. அந்நிலையில் வளைவின் நடுவே சட்டென்று பிரேக் அழுத்தினாலோ ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பின்பகுதி மேலும் இலேசாகி வீசக்கூடும். பின்சக்கரங்களை இயந்திரம் இயக்கும் அம்பாசடரில், ஈரச் சாலையில் ஆக்சிலரேட்டரை அளவுக்கு மீறி மிதித்தாலும் இதுவே நேரும். பின்பகுதி எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். பார்வை மட்டும் போகவேண்டிய வழியில் நிலைத்திருக்க வேண்டும். இதற்கு 'மிகைதிருப்பம்' என்று பெயரிட்டால், தான் மிகையாகத் திருப்பிவிட்டதாகவே ஓட்டுபவர் எண்ணுவார். பல வேளைகளில் அவர் கை ஒரு தவறும் செய்திருக்காது. தவறு காலில் இருந்திருக்கும்.

ஓட்டுநர்களின் வாய்மொழியைக் கேட்டுப் பாருங்கள். 'வண்டி திரும்பல, நேரா போயிருச்சு' என்பார்கள். 'பின்னாடி வீசிருச்சு' என்பார்கள். எந்தப் பகுதி கைவிட்டது என்பதே அவர்களுக்கு முதற்செய்தி. ஆகவே, 'முன்சறுக்கல்', 'பின்சறுக்கல்' என்ற இணையை முன்மொழிகிறேன். எந்தச் சக்கரம் பிடிமானம் இழந்தது என்று பெயரே சொல்லிவிடுவதால், அதற்குரிய மருந்தும் உடனே நினைவுக்கு வரும்.

சந்தி விதிப்படி 'முற்சறுக்கல்', 'பிற்சறுக்கல்' என்றல்லவா வரவேண்டும் என்று கேட்கக்கூடியவர்கள் நம் குழுமத்தில் உண்டு. முற்பகல், பிற்பகல் என்பன காலத்தைக் குறிப்பவை. 'முற்சறுக்கல்' என்றால் முன்னொரு காலத்தில் சறுக்கியது என்று பொருள்படக்கூடும். முன்சக்கரம், பின்சக்கரம் என்று இடத்தைக் குறித்து வழங்கும் சொற்களை ஒட்டி இயல்பாகவே விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
பொள்ளாச்சியிலிருந்து

மறுமொழி:

ஐயா, வணக்கம்.

தங்கள் அனுபவம் மெய்சிலிர்க்க வைத்தது. ஓட்டுநர் கையேட்டைப் பொறுத்தவரை தங்கள் வாதம் வலுவானதே. ஆனால் இயந்திரப் பொறியியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு தடையை எழுப்ப வேண்டியிருக்கிறது.

'அண்டர்ஸ்டியர்' என்பது சறுக்கும்போது மட்டும் நிகழ்வது அன்று. திரும்பும் டயர் எதுவும் தான் நோக்கும் திசையிலேயே செல்வதில்லை. இரப்பர் வளைந்து கொடுப்பதால், நோக்கும் திசைக்கும் செல்லும் திசைக்கும் இடையே எப்போதும் ஒரு சிறு கோணம் இருக்கும். முன்டயர்களின் கோணம் பின்டயர்களின் கோணத்தைவிடப் பெரிதாக இருந்தால் அது 'அண்டர்ஸ்டியர்'. சிறிதாக இருந்தால் 'ஓவர்ஸ்டியர்'. 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மோரிஸ் ஆலி போன்ற பொறியாளர்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். எல்லைக்குக் கீழே, எதுவும் சறுக்காமல், அமைதியாக வளைவில் செல்லும் காருக்கும் இவற்றுள் ஓர் இயல்பு உண்டு. பெரும்பாலான கார்களைச் சிறிதளவு 'அண்டர்ஸ்டியர்' இருக்கும்படியே வடிவமைக்கிறார்கள், ஏனெனில் அது சாதாரண ஓட்டுநருக்குப் பாதுகாப்பானது. அத்தகைய காரை 'முன்சறுக்கல் உடையது' என்று பாடப்புத்தகத்தில் எழுதினால், வாங்க வந்தவர் ஓடிவிடுவார்.

இன்னொன்று. 'சறுக்கல்' என்பதற்குப் பதிலாக 'இழுக்கல்' என்னும் பழஞ்சொல்லை மீட்டெடுக்கலாகாதா? 'இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே' என்னும் 415-ஆம் குறளில் அது வழுக்கும் சேற்று நிலத்தையே குறிக்கிறது.

பணிவன்புடன்,
கோயம்புத்தூரிலிருந்து

மறுமொழிக்கு மறுமொழி:

அன்புள்ள ஐயா,

தங்கள் முதல் தடையை முழுதும் ஏற்கிறேன். நிகழ்வையும் இயல்பையும் ஒரே சொல்லில் அடைக்க முயன்றது என் பிழை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் நாமும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தாங்கள் எழுதியதைப் படித்தபின் தமிழில் ஏற்கெனவே இருக்கும் ஒரு நுண்ணிய வேறுபாடு புலப்பட்டது. வழுக்குதல், நழுவுதல், சறுக்குதல் ஆகிய மூன்றையும் நாம் ஒன்றாகப் பயன்படுத்துவதில்லை. வழுக்குவது பெரும்பாலும் தளத்தின் தன்மை: வழுக்குப் பாறை, வழுக்குமரம். நழுவுவது சிறிது சிறிதாக இடம் பெயர்வது. தோளிலிருந்து துண்டு நழுவுகிறது, பிடி முற்றிலும் விடுபட்டுவிடவில்லை. சறுக்குவது எடையைத் தாங்கி நின்ற அடி ஒரேயடியாகக் கைவிடுவது. அதனால்தான் ஆனைக்கும் அடி சறுக்கும் என்கிறோம், நழுவும் என்பதில்லை. தாங்கள் சொன்ன கோணம் நழுவலுக்கு உரியது. ஆகவே அதை 'நழுவுகோணம்' எனலாம். நழுவுகோணம் ஓரளவு வளரும்வரை டயரின் பக்கவிசையும் வளர்கிறது. அதற்கு மேலும் கோணம் பெருகினால் விசை குறையத் தொடங்கி நழுவல் சறுக்கலாகிறது. என் கொண்டை ஊசி வளைவில் நான் மேலும் மேலும் ஒடித்துச் செய்ததெல்லாம், அந்த உச்சத்தைத் தாண்டிய கோணத்தை இன்னும் பெருக்கியதுதான்.

எனவே வடிவமைப்பு நூல்களுக்கு 'முன்சக்கர நழுவியல்பு', 'பின்சக்கர நழுவியல்பு' என்றும், ஓட்டுநர் கையேட்டுக்கு 'முன்சறுக்கல்', 'பின்சறுக்கல்' என்றும் வைத்துக்கொள்வோம். 'சக்கர' என்பதை நீக்கிச் சுருக்கலாமே என்று முதலில் எண்ணினேன். ஆனால் முன், நிலை என்பன முன்னிலை ஆவதுபோல் இது 'முன்னழுவியல்பு' ஆகிவிடும். படிப்பவர் கார் அழுவதாகவே நினைப்பார்.

'இழுக்கல்' மீது எனக்கும் ஆசை உண்டு. ஆனால் இன்றைய பட்டறையில் 'வண்டி இடப்பக்கம் இழுக்குது' என்றால் சக்கர அலைன்மென்ட் பிசகிவிட்டது என்றே பொருள். அதே பட்டறைக்குள் ஒத்த ஒலியுடன் வேறு பொருளில் இன்னொரு சொல்லை அனுப்பினால், மெக்கானிக் டயரைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஸ்டியரிங் இணைப்பைப் பார்ப்பார்.

தளம் நீரால் நிரம்பி, டயர் நீர்ப்படலத்தின் மீது மிதக்கும் நிலையை இவற்றோடு கலக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பட்டியலில் அதற்கு 'நீர்மிதப்பு' என்று தனியே இருக்கிறது, அது போதும். கொண்டை ஊசி வளைவுகளின் வேகத்தில் அது நேர்வது அரிது. நெடுஞ்சாலை வேகத்தில், அதுவும் பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்ற சட்ட எல்லைக்குத் தேய்ந்த டயர்களில் நேர்வதே மிகுதி.

எஞ்சியிருப்பது, பின்சறுக்கலின்போது பின்பகுதி வீசும் பக்கமாக ஸ்டியரிங்கைத் திருப்பும் செயலுக்கு ஒரு பெயர். 'ஸ்டியரிங்க ஒடி' என்பது ஓட்டுநர் மொழி என்பதால் 'எதிரொடிப்பு' என்று எழுதிப் பார்த்தேன். இருமுறை தட்டச்சு செய்தபோது இருமுறையும் 'எதிரொலிப்பு' என்றே விழுந்தது. படிப்பவர் கண்ணிலும் அவ்வாறே விழும். மேலும், ஒடிப்பது என்றால் முழுதும் திருப்புவது என்ற பொருளும் கலந்திருக்கிறது. இங்கே தேவைப்படுவதோ அளவான, விரைவான திருப்பமும், பின்பகுதி அடங்கத் தொடங்கியதும் அதே விரைவில் நேராக்குவதும். நேராக்கத் தவறினால் கார் மறுபக்கம் இன்னும் வலுவாக வீசும். 'ஈடுதிருப்பம்' என்று வைத்தால் எவ்வளவு வீசியதோ அவ்வளவுக்கு ஈடாக என்ற அளவுக் குறிப்பும் வந்துவிடுகிறது. மாற்றுக் கருத்து இல்லையெனில் வரும் வாரப் பதிப்பில் அதையே சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
பொள்ளாச்சியிலிருந்து