எடுத்த கட்டி எங்கே போகுது? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

தஞ்சாவூர்க்காரன்:
போன வருஷம் அம்மாவுக்கு மார்பில் கட்டி எடுத்தாங்க. முந்தின நாள் ராத்திரி நர்ஸ் வந்து 4 ஃபார்ம் நீட்டினாங்க. மூணாவதில் 'மீதித் திசுவை ஆராய்ச்சிக்குச் சேமிக்கச் சம்மதம்'னு இருந்தது. அம்மா கண்ணாடியைத் தேடினாங்க. "எல்லாம் வழக்கமா வாங்குறதுதாம்மா, போடுங்க"ன்னாங்க நர்ஸ். போட்டுட்டோம். அந்த நேரத்தில் வீட்டுப் பத்திரத்தை நீட்டியிருந்தாலும் போட்டிருப்போம்.

8 மாசம் கழிச்சு வேற டாக்டர்கிட்ட சென்னை போனோம். ரிப்போர்ட்டைப் புரட்டிட்டு, "பிளாக் எங்கே?"ன்னார். முழிச்சேன். திரும்பப் பழைய ஆஸ்பத்திரி, லெட்டர், கையெழுத்து, டெபாசிட். கடைசியில் 'இதுதான் பிளாக்'னு கையில் தந்தது தீப்பெட்டியைவிடச் சின்னதா ஒரு பிளாஸ்டிக் சட்டம். அதில் மெழுகு, மெழுகுக்குள்ள மொச்சைக்கொட்டை அளவுக்கு வெளுத்துப்போன ஏதோ ஒண்ணு. ஓரத்தில் நம்பர். வெயிலில் உருகிடக் கூடாதேன்னு டிபன் பாக்ஸில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வச்சுக்கிட்டேன். பக்கத்து சீட்டில் அம்மா. "என்னடா அது?" "நீதாம்மா." சிரிச்சுட்டாங்க.

அப்ப அந்த மூணாவது ஃபார்மில் குடுத்தது? அது எங்கே இருக்கு?

லேப் அக்கா:
தம்பி, ரெண்டும் வேற வேற. உங்க கையில் இருந்தது ஃபார்மலினில், அதாவது திசு அழுகாம வைக்கிற திரவத்தில், ஊறவச்சு மெழுகில் புதைச்சது. அலமாரியில் சும்மா வச்சாலே வருஷக்கணக்கில் இருக்கும், உங்க வைத்தியத்துக்கானது. ஆராய்ச்சிக்கு எடுக்கிறதைக் கட்டி வெளியே வந்த கொஞ்ச நேரத்திலேயே உறைய வைக்கணும், ஏன்னா ஃபார்மலின் பட்டா டிஎன்ஏ, ஆர்என்ஏ எல்லாம் சிதைய ஆரம்பிச்சிடும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஐஸ் பெட்டியோட நின்னிருக்கேன். முதல் துண்டு எப்பவும் நோயைக் கண்டுபிடிக்கத்தான், மிஞ்சினால்தான் எங்களுக்கு. குழாயில் பேர் இருக்காது, பார்கோடுதான். பிறகு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர், இல்லைன்னா மைனஸ் 196இல் திரவ நைட்ரஜன் தொட்டி.

ஒரு ராத்திரி 2 மணிக்கு அலாரம் மெசேஜ். கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் எடுக்கலை. ஃப்ரீசரைத் திறக்காம இருந்தா சில மணி நேரம் தாங்கும். ஆனா புதுசா வந்த பையன், பாவம், 'எல்லாம் சரியா இருக்கா'ன்னு திறந்து பார்த்துட்டான்! ட்ரை ஐஸ் மூட்டையோட ஓடினோம். ஒரு தடவை உருகித் திரும்ப உறைஞ்சா பல டெஸ்டுக்கு அது உதவாது. உருகலை, தப்பிச்சோம்.

ஆராய்ச்சிக்குத் திசு சேமிக்கிற எங்க சென்டர் சின்னது. பெருசுன்னா தரமணியில் ஐஐடி மெட்ராஸ் நடத்துற தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி. இன்னொண்ணு: ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் போட்ட நெறிமுறைப்படி, குடுத்த சம்மதத்தை எப்ப வேணா திரும்ப வாங்கிக்கலாம். நர்ஸ் அதைச் சொல்லியிருக்கணும்.

ஹவுன்ஸ்லோ தமிழன்:
இங்கே பிரிட்டனில் நான் நோயில்லாமலே குடுத்தவன். யுகே பயோபேங்க்னு, ஆராய்ச்சிக்காக ஜனங்ககிட்ட ரத்தம் மாதிரி சாம்பிள் வாங்கிச் சேமிக்கிற திட்டம்: 2006இலிருந்து 2010 வரை, 40–69 வயசுக்காரங்க 5 லட்சம் பேர். வீட்டுக்கு லெட்டர் வந்தது. ரத்தம், மூத்திரம், கைப்பிடி எவ்வளவு பலம்னு ஒரு கருவி. பிரஷர் எவ்வளவுன்னு அங்கேயே சொன்னாங்க. ரத்தத்தில் என்ன தெரிஞ்சாலும் சொல்ல மாட்டோம்னு முதல்லயே எழுதி வாங்கிட்டாங்க. நாலு ட்யூபு ரத்தம் குடுத்தவனுக்குச் சுகர்கூடச் சொல்லலைன்னு என் பெண்டாட்டிக்கு இன்னிக்கும் கோபம். எனக்கு இல்லை, படிச்சுட்டுத்தானே போட்டேன்.

தஞ்சாவூர்க்காரன்:
லேப் அக்காவுக்கு நன்றி. நேற்று அந்த ஃபார்மோட நகலைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு முக்கால் மணி நேரம் படிச்சாங்க. வேண்டாம்னா ரத்து பண்ணிடலாம்மான்னேன். "வேணாம், இருக்கட்டும்"னாங்க. அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, "அங்க கரண்ட் போனா என்னடா பண்ணுவாங்க?"

உங்க 2 மணி கதையைச் சொன்னேன். அந்தப் பையனை வேலையை விட்டு எடுத்துட்டாங்களான்னு கேக்கச் சொன்னாங்க.