அமலைச் செடியும் கூன்வண்டும்: நம்ம தாமிரபரணிப் பக்கத்துக் குளங்களில் பார்த்தது

பாளையங்கால்வாய்க் கடைமடை விவசாயி

கார் நெல்லுக்குத் தண்ணீர் திறந்தால் தண்ணீரோடு அமலையும், அதாவது ஆகாயத்தாமரையும், வந்துவிடும். மடையில் வந்து அடைத்துக்கொள்ளும், ஆள் இறங்கி வெட்டி இழுத்துக் கரையில் போடுவார்கள். அடுத்த பிசான நெல் பருவத்துக்குள் குளம் பழையபடி மூடிவிடும். இதெல்லாம் இங்கே யாருக்கும் புதுசில்லை.

புதுசு என்னவென்றால், போன மாசியில் சில செடிகளின் இலை முழுக்க வெளிறிய சின்னச் சின்னத் தழும்புகள். ஊசியால் சுரண்டியது மாதிரி, ஏறக்குறைய சதுரமாக. பக்கத்து வயல்காரர் யாரோ மருந்து அடித்திருக்கிறார்கள் என்றே சொன்னார். கிள்ளிகுளத்தில் வேளாண்மை படித்த என் மகள்தான், "ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பாருங்கப்பா" என்றாள். போனேன். அரை சென்டிமீட்டர்கூட இருக்காது, சாம்பலும் பழுப்புமாக, மூக்கு வளைந்த வண்டு. தொட்டால் செத்த மாதிரி உருண்டுவிடுகிறது. பகலில் குருத்துக்குள் ஒளிந்துகொள்வதால் நம் கண்ணில் படுவதில்லை. இலைத்தண்டைக் கீறிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழு குடைந்து வழி போட்டிருக்கிறது, அந்த இடம் கறுத்து அழுகியிருக்கிறது.

இது தானாக வந்ததா, யாராவது விட்டார்களா என்று தெரியவில்லை. வேறு யாரும் பார்த்திருக்கிறீர்களா? இதை நம்பிக் குளத்தை விடலாமா?

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்

நீங்கள் பார்த்தது நியோகெட்டினா என்ற கூன்வண்டு. அமலையின் சொந்த ஊர் அமேசான் பக்கம், இந்த வண்டும் அங்கேயே அதைத் தின்று வாழ்ந்தது. செடி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு அழகுச் செடியாக வந்தது, வண்டு கூட வரவில்லை. கேட்க ஆளில்லாமல் பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம். 1982இல்தான் அமெரிக்காவிலிருந்து பெங்களூருக்கு வண்டைக் கொண்டுவந்தார்கள். நம் பயிர்களைத் தின்னுமா என்று அடைத்து வைத்துச் சோதித்துவிட்டு, அடுத்த ஆண்டு முதல் அங்குள்ள ஏரிகளில் விட்டார்கள். சில ஏரிகளில் இரண்டு மூன்று வருடத்தில் செடி நன்றாக ஒடுங்கியது. மணிப்பூரின் லோக்டாக் ஏரியிலும் பலன் கிடைத்தது.

புழு தண்டு வழியே இறங்கி, கடைசியில் தண்ணீருக்கடியில் வேரோடு ஒட்டிக் கூடு கட்டும். முட்டையிலிருந்து வண்டாக மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அதனால் இந்த வருடம் விட்டு இந்த வருடமே பலன் பார்க்க முடியாது. செடி ஒரே நாளில் சாவதும் இல்லை. குட்டையாகும், பூ குறையும், மெல்ல மூழ்கும்.

வீரவநல்லூர், இருபது வருடம் ஆலப்புழையில் வேலை பார்த்தவர்

குட்டநாட்டில் ஆப்பிரிக்கன் பாயல் என்று ஒரு மிதக்கும் களை உண்டு. பெயர்தான் ஆப்பிரிக்கன், பிறப்பு பிரேசில். வள்ளம் போக வழியில்லாமல், வயலில் நடவுக்கு முன் கூலி கொடுத்து வாரியே நொந்துபோனதாக அங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். ஆரம்பத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் அதை வேறொரு இனம் என்று நினைத்து, அதற்குரிய பூச்சிகளைத் தேடியதில் பலன் கிடைக்கவில்லை. இனம் சரியாகத் தெரிந்தபிறகு அதற்கே உரிய கூன்வண்டு பிரேசிலில் கிடைத்தது. 1980இல் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசா ஏரியில் விட்டுப் பார்த்துவிட்டு, கேரளத்தில் 1983இல் விட்டார்கள். சில வருடத்தில் வாய்க்கால்கள் திறந்தன.

அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி.

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்

அண்ணாச்சி, பாயலுக்கு விதை கிடையாது. ஒடிந்த துண்டிலிருந்து மட்டும்தான் பெருகும். அதனால் வண்டு தின்றால் தின்றதுதான். அமலை விதை போடும், விதை சேற்றில் பத்துப் பதினைந்து வருடம்கூட உயிரோடு கிடக்கும். குட்டநாட்டில் தண்ணீர் வற்றுவதில்லை. நம் மானாவாரிக் குளங்களும் கடைமடைக் குளங்களும் சித்திரையில் வெடித்துக் கிடக்கும். செடி காய்கிறது, வண்டு செத்துப்போகிறது, விதை மட்டும் தப்பிக்கிறது. ஐப்பசியில் தண்ணீர் வந்ததும் செடி முளைக்கும். வண்டு முதலிலிருந்து வரவேண்டும்.

மானூர் பக்கம், மீன்பாசிக் குத்தகை எடுப்பவர்

எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. குத்தகைப் பணம் வருடத்துக்குக் கட்டுகிறோம். அமலை மூடினால் தண்ணீரில் காற்று இறங்காது, வலை வீச முடியாது. ஒரு குளத்தில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் களைக்கொல்லி அடித்துவிட்டார்கள். செடி மொத்தமாக அழுகி, விடியற்காலையில் மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்தது. கெண்டை, விரால் ஒன்றும் மிஞ்சவில்லை.

புல்கெண்டை விடச் சொன்னார்கள், விட்டேன். 1959இல் இந்தியாவுக்கு வந்த மீன், தண்ணீருக்குள் வளரும் பாசியை நன்றாகத் தின்கிறது. அமலையை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "ஆப்பிரிக்கக் கெளுத்தி விடுங்க, எல்லாம் தின்னும்" என்று ஒரு புரோக்கர் சொன்னான். எல்லாம் தின்னும்தான், முதலில் நம்ம அயிரையைத் தின்னும். தடை செய்த மீன் என்று தெரிந்தே விற்கிறான். இந்தப் பூச்சி, மீன் விடுகிற விஷயத்தில் சோதித்து விடுவது வேறு, சந்தையில் வாங்கி விடுவது வேறு என்பது என் கருத்து.

நாங்குநேரிப் பக்கத்து ஆச்சியின் பேத்தி

எங்கள் ஆச்சி சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஊரைச் சுற்றிச் சப்பாத்திக்கள்ளிதானாம், ஆடு போக வழி கிடையாதாம். பிறகு கள்ளிமேல் பஞ்சு பஞ்சாக ஏதோ படர்ந்து, நசுக்கினால் ரத்தம் மாதிரி சிவப்பு வந்து, கள்ளி சாய்ந்துபோனது என்பார். தெய்வக் குற்றம் என்று சிலர் பயந்தார்களாம். அது 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த கோச்சினீல் பூச்சி என்று பின்னாளில் படித்தேன். அதற்கு முன்பே 1795இல் சாயத்துக்கென்று பிரேசிலிலிருந்து வந்த அதன் உறவுக்காரப் பூச்சி, சாயத்துக்கு உதவாமல் வேறொரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்திருக்கிறது. ஆக, இந்த வேலை நம் நாட்டுக்குப் புதிது இல்லை.

ஸ்ரீவைகுண்டம், ஆற்றோரம் வாழை போடுபவர்

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஆற்றிலிருந்த அமலை முழுவதும் அடித்துக்கொண்டு போய்விட்டது. கடலுக்குப் போனது உப்பில் செத்திருக்கும். இனி நிம்மதி என்றார்கள். அடுத்த கோடையில் சாக்கடை கலக்கும் இடங்களில் எல்லாம் மறுபடி செழிப்பாக நிற்கிறது. வெள்ளம் வண்டையும்தானே கொண்டுபோயிருக்கும்? சாக்கடை உரத்தில் செடி வளரும் வேகத்துக்கு வண்டு ஈடுகொடுக்காது என்பது நான் கண்ணால் பார்க்கிற சங்கதி. ஊர்க் கழிவை நிறுத்தாமல் வண்டு விடுவது, பொக்லைன் விடுவது எல்லாம் அதற்கு அடுத்த பேச்சு.

பாளையங்கால்வாய்க் கடைமடை விவசாயி

எல்லாருக்கும் நன்றி. எங்கள் குளத்தில் ஒரு மூலை கோடையிலும் வற்றாது, வண்டு இருப்பதும் அங்கேதான். பொக்லைன் வரும்போது வழக்கமாக ஒரு செடி விடாமல் வாரிவிடுவார்கள், வண்டும் கரையில் காய்ந்து போகும். இந்த முறை அந்த மூலையை விடச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆனால் மீன் குத்தகைக்காரர் ஒத்துக்கொள்வாரா, மழையில் அந்தச் செடி மிதந்துபோய், மிச்சத் தண்ணீர் வழியும் மறுகாலை அடைக்காதா?

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்

மடைக்கும் மறுகாலுக்கும் தள்ளி இருந்தால் விடுங்கள். மூங்கில் கட்டி, பழைய வலையைச் சுற்றி நிறுத்திவிட்டால் சாதாரணக் காற்றுக்கு நகராது. பெருமழை என்றால் மூங்கில் நிற்காது, அதனால் புரட்டாசிக்குள் பாதியை வாரிவிடுங்கள். வாரும்போது தழும்பு அதிகமுள்ள செடிகளைப் பிரித்துத் தண்ணீரிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள்.

மானூர் பக்கம், மீன்பாசிக் குத்தகை எடுப்பவர்

குத்தகைக்காரர் ஒத்துக்கொள்வார் அண்ணாச்சி, அந்த மூலைக்கான பணத்தைக் கழித்துக்கொண்டால்.