மழைக்காட்டு ஆய்வு நிலையத்தில் செடி மாதிரிகள் கறுத்துப்போகின்றன, எப்படிக் காப்பது?

வேர்முடிச்சு:
மழைக்காட்டை ஒட்டிய கள நிலையம். ஜெனரேட்டர் இரவில் 4 மணி நேரம்தான் ஓடும். பிரஸ்ஸில் (செடியைத் தாள்களுக்கிடையே அழுத்திப் பெல்ட்டால் கட்டும் சட்டம்) வைத்த ஹெர்பேரியம் (உலர் தாவரத் தொகுப்பு) மாதிரிகள் மூன்றாம் நாளே கறுத்து, பூஞ்சணம் பிடித்து, இலை உதிர்கிறது. செய்தித்தாளைத் தினமும் மாற்றியும் பலனில்லை. இதே செடிகளிலிருந்து டிஎன்ஏவும் எடுக்க வேண்டும். என்ன வழி?

நெளியட்டை:
அந்த ஈரக்காற்றில் மாற்றுத்தாளே நமுத்துப்போய்த்தான் இருக்கும், எதை உறிஞ்சும்? வெப்பக்காற்று மாதிரிகளுக்கு ஊடே ஓட வேண்டும். மாதிரிக்கு மாதிரி நடுவே நெளி அட்டை வையுங்கள். பிரஸ்ஸைப் படுக்கப் போடாமல், அட்டையின் குழல்கள் மேல்கீழாக வரும்படி நிறுத்தி, அடியிலிருந்து 40 முதல் 60 டிகிரி சூடு கொடுங்கள். இலை காயக் காயச் சுருங்கும். அவ்வப்போது பெல்ட்டை இறுக்காவிட்டால் சுருக்கம் விழும். காய்ந்த தாளுக்கு அடியில் சூடு என்பதால் ஆளில்லாமல் மட்டும் விடாதீர்கள்.

பச்சையம்:
முறை சரி, ஆனால் 4 மணி நேரச் சூட்டில் பாதிதான் காயும்; மீதி இருபது மணி நேரம் பூஞ்சணத்துக்கு விருந்து. ஷ்வைன்ஃபர்த் முறைக்கு மாறுங்கள். மாதிரிகளைச் செய்தித்தாளில் மடித்துக் கட்டாக்கி, தடித்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, தாள் முழுக்க நனைய 70 சதவீத எத்தனால் ஊற்றிக் காற்றுப்புகாமல் மூடுங்கள். 95 சதவீதம்தான் கிடைத்தால், 740 மில்லியோடு தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கலாம். சில வாரம் தாங்கும். உலர்த்துவதை ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். மெதுவாகக் காயும் இலையில் செல்கள் உயிரோடிருப்பதால்தான் காம்பு கழன்று உதிர்கிறது. ஆல்கஹால் அவற்றை உடனே கொன்றுவிடும்.

நிறம் போய்விடும் என்பதால் பூவின் நிறம், செடியில் கசியும் பால், வாசனை எல்லாவற்றையும் பறித்த இடத்திலேயே எழுதுங்கள். மாதிரியின் வரிசை எண்ணையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும்.

டிஎன்ஏவுக்கு, ஆல்கஹால் படும் முன்பே இளம் இலையைக் கிழித்துக் காபி வடிதாளில் மடித்து, இலை எடையைப் போல் 10 மடங்கு சிலிக்கா ஜெல்லில் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) புதையுங்கள். மறுநாள் வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஜெல்லை மாற்றுங்கள்.

வேர்முடிச்சு:
நன்றி. சேம்பு இனத் தண்டு, அத்திக்காய்?

நெளியட்டை:
நெடுக்குவாட்டில் பிளந்து ஒரு பாதியை வையுங்கள். முழுசாக வைத்தால் உள்ளே அழுகும்.